சாகாதவர்களுக்குத் தண்ணீர்

உலகத்தில் எங்கே பூமி ஆடினாலும், எந்தக் கடலில் புயல் சுழன்றாலும், தஞ்சாவூரில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிந்துவிடும். அதுதான் என் வேலை. பேரிடர்களைக் கண்காணித்து, எங்கே உதவி தேவை என்று உதவி அமைப்புகளுக்குச் சொல்லும் மேசையில் நானும் ஒருத்தி. மேசை என்பது பெயருக்குத்தான். ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு நெட்டில் பேசிக்கொள்வோம். குத்தாலம் பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்டு என்னைப் படிக்கவைத்த அம்மாவுக்கு இந்த வேலையை விளக்கிப் பார்த்துத் தோற்றுப்போனேன். "எங்கேயோ ஆடுற பூமிய நீ இங்கேருந்து புடிச்சுக்கிட்டா இருக்க?" என்று கேட்டாள்.

பிடிப்பதில்லை, நிறம் பார்க்கிறேன். காற்றின் வேகம், மக்கள் தொகை எல்லாவற்றையும் கணினி கூட்டிக் கழித்து, எத்தனை பேர் சாகக்கூடும், எத்தனை பேர் செத்தார்கள் என்று கணக்கிட்டு ஒரு நிறம் கொடுக்கும். பச்சை என்றால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். ஆரஞ்சு என்றால் ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் எல்லோரும் ஓட வேண்டும். அதன் பிறகு அந்த இடத்தில் இருக்கும் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேள்விகள் கேட்டு, நிறம் தப்பாக இருந்தால் மாற்றுவோம். அவருக்கு எங்கள் மேசையில் 'உள்ளூர்க் குரல்' என்று பெயர். என் வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு தீவிலிருந்து ஒரு டீச்சர் அழுதுகொண்டே பேசியதைக் கேட்டு, பச்சையை ஆரஞ்சாக்கியிருக்கிறேன். "அந்த மண்ணில் நிற்பவருக்குத் தெரிவது எந்தக் கணினிக்கும் தெரியாது" என்று எங்கள் பொறுப்பாளர் அன்று எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார்.

அப்புறம் ஒரு புயல் எங்கள் பக்கம் திரும்பி, அதிராம்பட்டினத்துக்கு அருகே கரையைக் கடந்தது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அங்கே ஒரு மீனவர் குப்பத்தில் சில வருடங்கள் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். எச்சரிக்கை வந்தால் வலையை விடுங்கள், படகை விடுங்கள், மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்கள் என்பதுதான் பயிற்சி. மீன் விற்கும் ஓர் அக்கா என்னோடு மல்லுக்கு நின்றார். "கடலப் பத்தி எங்களுக்கே சொல்லிக் குடுக்க வந்துட்டியா?" என்பார். கடைசியில் அவரே மற்றவர்களை விரட்டிக்கொண்டு போகிறவர் ஆனார். இந்தப் புயலுக்கும் அவர்தான் குப்பத்தைக் காலி செய்தார். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைக்கூடத் தூக்கிப் போனார்கள். ஒருவரும் சாகவில்லை.

ஆகவே என் திரையில் பச்சை.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பொறுப்பாளர் சிரித்த முகமாகச் சொன்னார்: "உயிரிழப்பு இல்லை. நல்ல செய்தி. இந்த நிகழ்வை மூடிவிடலாம்." மூடிவிட்டால் அவ்வளவுதான். எங்கள் நிறத்தை நம்பியிருக்கும் எந்த அமைப்பும் ஒரு தண்ணீர் லாரியைக்கூட அந்தப் பக்கம் திருப்பாது. நானோ சற்று முன்னால்தான் அந்த அக்காவிடம் பேசியிருந்தேன். "உசுரு இருக்கு, தண்ணிதான் இல்ல. கடலு உள்ள வந்துட்டுப் போயிருச்சு. அடிபம்புல உப்புத்தண்ணி வருது. பள்ளிக்கூடத்துத் தொட்டியும் காலி. புள்ளைங்களுக்கு வயித்தால போவுது" என்றிருந்தார்.

அதை அப்படியே கூட்டத்தில் சொன்னேன். அது என் சொந்தப் பகுதி, எனவே நான் உணர்ச்சிவசப்படுகிறேன், வேறொருவர் பார்க்கட்டும் என்றார் பொறுப்பாளர். குத்தாலம் எங்கே, அதிராம்பட்டினம் எங்கே! அவருடைய வரைபடத்தில் இரண்டும் ஒரு சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. தீவு டீச்சர் அழுதுகொண்டு சொன்னால் தகவல், நான் அழாமல் சொன்னால் உணர்ச்சியா? இதை அவரிடமே கேட்டேன். பிறகு பேசலாம் என்றார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் மேசையில் செத்த பிள்ளைக்குத்தான் பால்.

"உள்ளூர்க் குரலைக் கேட்காமல் மூடக் கூடாது என்பதும் உங்கள் விதிதான்" என்றேன்.

"யார் அந்தக் குரல்?"

"நான். இன்று நான் லீவு போட்டுக்கொள்கிறேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் அழைக்கிறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் மடிக்கணினியை மூடிவிட்டேன். பட்டுக்கோட்டை வரை பஸ் போனது. அதற்கப்புறம் சாலை முழுக்கத் தென்னை மரங்கள் விழுந்து கிடந்தன. ஒரு பால் வண்டியில் கொஞ்ச தூரமும் மரங்களைத் தாண்டித் தாண்டி மிச்ச தூரமும் போய்ச் சேர்ந்தேன்.

குப்பத்தில் வீடுகளுக்குள் முழங்கால் அளவு சேறு. படகுகள் தெருவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அடிபம்புக்கு முன்னால் பழக்கதோஷத்தில் குடங்களை வரிசையாக வைத்திருந்தார்கள், அடிக்கத்தான் ஆளில்லை. அந்த அக்கா என்னைப் பார்த்ததும் வா என்றுகூடச் சொல்லவில்லை.

மேசைக்கு அழைத்தேன். அன்று பணியில் இருந்தவள் வேறு நாட்டைச் சேர்ந்த ஒரு சிறுபெண், மிகவும் மரியாதையானவள். ஸ்பீக்கரில் போட்டேன். வழக்கமான கேள்விகளில் முதல் கேள்வியை அவள் வாசித்தாள்: எத்தனை பேர் இறந்தார்கள்?

நான் அதைத் தமிழில் சொன்னதும் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"யாரும் சாகல. இந்தப் பொண்ணு சொன்னபடி ஓடுனோம். ஓடிப் பொழச்சவங்களுக்குக் குடிக்கத் தண்ணி கெடையாதுன்னா, அடுத்த தடவ ஓட மாட்டோம்னு எழுதிக்கச் சொல்லு. நாலு பேரு செத்தாத்தான் வருவீங்கன்னா, இங்கேயே இருந்து சாவுறோம்."

இவர்களை ஓடவைக்க நான் அலைந்த வருடங்கள் எல்லாம் அந்த ஒரு பேச்சில் நின்றன. இவர் சொன்னால் சொன்னதுதான். அடுத்த புயலுக்கு இந்தக் குப்பம் நகராது. 'மக்கள் அதிருப்தி தெரிவிக்கிறார்கள்' என்று பூசி மெழுகியிருக்கலாம், எங்களுக்கு அது கைவந்த கலை. நான் மெழுகவில்லை. 'இருந்து சாவுறோம்' வரைக்கும் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பிறகு அந்தப் பெண் தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள். "இப்போது என்ன தண்ணீர் குடிக்கிறார்கள்?"

"நீயே குடிச்சுப் பாத்துச் சொல்லு" என்று அக்கா ஒரு டம்ளரில் பம்புத் தண்ணீரைப் பிடித்து நீட்டினார். வாயில் ஊற்றினேன். விழுங்க முடியவில்லை. துப்பிவிட்டு, துப்பினேன் என்பதையும் சொன்னேன்.

சாயங்காலத்துக்குள் நிறம் ஆரஞ்சாகிவிட்டது. தண்ணீர் லாரிகள் வந்தன, பின்னாலேயே சுத்திகரிக்கும் இயந்திரமும் வந்தது. பொறுப்பாளர் மட்டும் என்னை அழைத்து, அறிக்கையில் அந்த அக்காவின் பேச்சு மிரட்டல்போல் இருக்கிறது, எடுத்துவிடலாமே என்றார்.

"மிரட்டல்தான். அதை எடுப்பதென்றால் என்னையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்" என்றேன். இரண்டையும் அவர் எடுக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் எச்சரிக்கை வந்தது. தஞ்சாவூரிலிருந்து அக்காவுக்குப் போன் போட்டேன். போனுக்குள் கடல்காற்று இரைந்தது.

"கிளம்புங்கக்கா" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல தண்ணி இருக்கா?"

"இருக்குக்கா. லாரி வந்து நிக்குது. கேட்டுட்டுத்தான் உங்களுக்குப் பேசுறேன்."

"நீ சொன்னாப் போதும்னு ஓடுனது ஒரு காலம். போட்டோ அனுப்பு."

பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பிடித்து, லாரியைப் படம் எடுக்கச் சொல்லி வாங்கி அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்து, அவர் பார்த்து முடிக்கும்வரை போனை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். குழாயைத் திறந்து தண்ணீர் விழுவதையும் எடுத்து அனுப்பச் சொன்னார். அதையும் அனுப்பினேன். அதன் பிறகுதான் அவர் குப்பத்தைப் பார்த்து, எழுந்திரிங்கடி என்று கத்தியது என் காதில் விழுந்தது.