நடுவர் நாற்காலியில் ஒரு குவைத் ஃபிட்டர்

ஜெனி, ஆல்வின், பிள்ளைகளே, அப்பா இருக்கிற இந்த ஊரில் வெயில் காலத்தில் குளிக்கப் போனால் ஒரு வேடிக்கை. பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை வெந்துபோகும். மொட்டைமாடித் தொட்டி அப்படிக் கொதித்திருக்கும். அதனால் ஹீட்டரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் அந்த ஹீட்டரில் நிழலாகக் கிடக்கிற தண்ணீரில்தான் குளிப்போம். வெந்நீர்க் குழாயில் குளிர்ந்த தண்ணீர்! குவைத்துக்குப் புதிதாக வருகிறவன் எவனும் முதல் வாரம் அலறாமல் இருந்ததில்லை.

பூமி இப்படிச் சூடாவதற்கு யார் காரணம் என்றுதானே பொங்கலுக்கு நம் மந்தாரக்குப்பம் தெருவில் பட்டிமன்றம் போட்டார்கள்? போன வாரம் ஜெனி போனில் கேட்டாள்: "உங்கப்பா நடுவரு, அதான் ஜெயிச்சேன்னு ஸ்கூல்ல இன்னும் கிண்டல் பண்ணிக்கினு இருக்காங்கப்பா. நெஜத்த சொல்லு, நான் ஜெயிச்சேனா, நீ ஜெயிக்க வெச்சியா?" எனக்குப் போனில் பேச்சு கோவையாக வராது. அதனால் எழுதுகிறேன்.

நடுவராக வரவேண்டிய பண்ருட்டி வாத்தியார் கடைசி நேரத்தில் வரவில்லை. "ஃபாரின்ல கீறவரு, ரெண்டு கட்சிக்கும் பொதுவானவரு" என்று லீவில் வந்திருந்த என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். 'மனிதனே' என்ற கட்சியில் என் மகள். 'இயற்கையே' என்ற கட்சியில் உங்கள் செல்வம் மாமா. இதைவிடப் பொதுவான ஆள் எங்கே கிடைப்பான்?

செல்வம் மச்சான் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர் இல்லையா, மைக்கைப் பிடித்ததும் மண்ணிலிருந்தே தொடங்கினார். "நாங்க தோண்டுற பழுப்பு நிலக்கரி இன்னாங்க? ஒரு காலத்துல காடு! அது மண்ணுக்குள்ள போனப்ப மனுஷனே கெடையாது. எந்த ஃபேக்டரி பொகை வுட்டுது? பூமி தானா மாறிக்கினுதான் இருக்குது!" தெருவே விசிலடித்தது. நானும் தலையாட்டினேன். உண்மையில் நல்ல வாதம்.

அடுத்து ஜெனி எழுந்தாள். "அந்தக் காட்ட மண்ணு எத்தினியோ காலமா உள்ள பூட்டி வெச்சிருந்துச்சு மாமா. நீங்க ஷிஃப்டு ஷிஃப்டா தொறந்து வுட்டுக்கினு, தானா மாறுதுன்றீங்களே!" முதலில் கைதட்டியவர் மச்சான்தான்.

பட்டிமன்ற நடுவருக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பக்கமும் சரி என்று சொல்லி, எல்லோரையும் சிரித்த முகத்தோடு அனுப்ப வேண்டும். விழாக் கமிட்டிக்காரர் என் காதிலும் அதைத்தான் ஓதினார்: "பாதிப் பேரு மைன்ஸ் ஆளுங்க. ரெண்டும்தான்னு முடிச்சிடுங்கண்ணே."

முடிக்கலாம் என்றுதான் எழுந்தேன். ஆனால் வாயில் வரவில்லை. கரண்டு பிளான்ட்டில் வால்வு வேலை பார்க்கிறவன் நான். குழாய் தானாகக் கசிவது உண்டு. அது சொட்டுச் சொட்டாகப் போகும். பீறிட்டு அடித்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதையே சொன்னேன். "பூமி தானாகவும் மாறும். இந்த வேகம் தானாக வந்ததில்லை. மனிதன்தான் காரணம். இங்கே தோண்டுகிற நீங்கள், அங்கே கரண்டுக்கு எண்ணெய் எரிக்கிற நான், ஃபேன் போடுகிற எல்லோரும்." கைதட்டல் பாதிக்கு மேல் வரவில்லை.

கீழே இறங்கியதும் மச்சான் தோளில் கை போட்டார். "மைன்ஸ மூடுனா நாங்க எங்க போறது மாப்ள, குவைத்துக்கா?"

"யாரு காரணம்னுதான் தலைப்பு மச்சான். இன்னா செய்யறதுன்னு அடுத்த பொங்கலுக்குப் போடச் சொல்லுவோம்."

சிரித்தார். ஆனாலும் அது சிரித்துத் தள்ளுகிற கேள்வி இல்லை. அவருக்கும் பிள்ளைகள் உண்டு. ஜெனி, உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது: நீ ஜெயித்தாய். மகளுக்காகத் தீர்ப்புச் சொல்லியிருந்தால், என்னையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்க மாட்டேன். மாமாவின் கேள்விக்குத்தான் பதில் இல்லை.

நீ போன் செய்த மறுநாள், ஊரில் நான் தீர்ப்புச் சொன்ன கதையை இங்கே எங்கள் அரபு இன்ஜினியரிடம் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் என்னை நிஜ நீதிபதி என்றே எடுத்துக்கொண்டார். "யார் குற்றவாளி?" என்றார் கவலையாக. நான் எங்கள் பிளான்ட்டின் புகைபோக்கியைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. அதில் ஏதோ பழுது என்று நினைத்து, "போ, உடனே பார்த்துவிட்டு வா" என்று துரத்தினார்.

போனேன். புகைபோக்கியின் அடியில் யாரும் இல்லை. பழுதும் ஒன்றும் இல்லை; புகை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, கை துடைக்கிற பஞ்சு வேஸ்டிலிருந்து ஓர் இழையைப் பிய்த்து, கையை உயர்த்திக் காற்றில் விட்டேன். அது கொஞ்சம் சுழன்று, வேலியைத் தாண்டிக் கடல் பக்கம் போனது. நீங்கள் இருக்கிற பக்கம்.