எல்லாரும் போகும் இடம்

"ஊருக்குப் புதுசுன்னு காட்டிக்காதே, தலையில மிளகாய் அரைச்சிடுவாங்க" என்று நண்பன் எச்சரித்திருக்கிறான். அதனால் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஜட்காவில் ஏறியதும், லாட்ஜை மனதில் வைத்து, "எல்லாரும் வழக்கமா போற எடத்துக்கு விடுங்க" என்கிறேன்.

வண்டி ஊரைத் தாண்டுகிறது. வீடுகள் போய்ப் புளியமரங்கள் வருகின்றன. எவ்வளவு போனாலும் மலை வலப்பக்கமே நிற்கிறது. எங்கே கடத்திக்கொண்டு போகிறான்? கேட்டால் புதுசு என்று தெரிந்துவிடும். பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

கடைசியில், ஏறிய இடத்திலேயே வண்டி நிற்கிறது.

"என்னய்யா இது?"

"மலை சுத்தி வந்துட்டோங்க. பௌர்ணமிக்கு வர்றவங்க எல்லாம் இதுக்குத்தானே வராங்க?"

"லாட்ஜ்?"

"அதோ, எதிர்லதாங்க."

வண்டிக்காரர் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். என் கையும் எழுகிறது, அடிக்கவா கும்பிடவா என்று தெரியாமல்.