பத்தியத்தில் நின்றுபோன இதய மாத்திரை

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருஷம். ஊரே கொடி கட்டிக்கொண்டிருந்தது. நான் காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் வயிற்றைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். தலைச்சன் பிள்ளை, ஆண். என்னைப் பெற்றவள் உயிரோடு இல்லாததால், பத்தியம் பார்க்க வந்தவர் என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. புக்கிட் ரம்பாயிலிருந்து மூட்டைமுடிச்சோடு வந்து இறங்கியவர், நேரே அடுப்படிக்குள் போனவர்தான். உஜோங் பாசிர் கடற்கரைப் பக்கமிருந்து சுறா வந்தால் புட்டு, வராவிட்டால் பூண்டுக் குழம்பு. ஐயோ, அந்தப் பூண்டு! என் மேல் அடித்த வாடைக்குக் கொசுகூடக் கிட்டே வரவில்லை.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் என் இதயத்தைப் பழுதாக்கிவிட்டது. தினமும் மாத்திரை போட்டால்தான் மூச்சு ஒழுங்காக வரும். வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் டாக்டர் அதை நிறுத்தவில்லை. நாத்தனார் நிறுத்திவிட்டார்.

அவர் நியாயம் அவருக்கு. பிள்ளைக்கு வயிறு உப்பினால் ஓமத்தண்ணியை யாருக்குக் கொடுக்கிறோம்? தாய்க்குத்தானே. பால் வழியாக அது பிள்ளைக்குப் போகிறது. அப்படியென்றால் இந்த மாத்திரையும் போகுமே, இத்தனை பெரிய உடம்புக்குக் கொடுத்தது அந்தக் குருவி நெஞ்சை என்ன பாடு படுத்தும் என்றார். உள்ளதைச் சொன்னால், எனக்கும் பயம்தான். மாத்திரைப் போத்தல் அலமாரி உச்சிக்கு ஏறிவிட்டது.

பிள்ளை நன்றாகக் குடித்தான், தூங்கினான். பார்க்க வந்தவர்களெல்லாம் பிள்ளை, பிள்ளை என்று அவனையே கொஞ்சினார்கள். என் கால் வீங்கியது. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று நாத்தனார் பூண்டைக் கூட்டினார். ஒருநாள் குளித்துவிட்டு அறைக்கு வருவதற்குள் மூச்சு வாங்கி, பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஓடிப்போய் டிரைஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவைக் கூட்டி வந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாத்தனாரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

டாக்டரிடம் ஓமத்தண்ணிக் கதையைத் தனக்குத் தெரிந்த மலாயில் அவரே சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. பாலில் போவது உண்மைதான், ஆனால் இந்த மாத்திரை போவது மிகக் கொஞ்சம், அதனால் பிள்ளைக்குக் கெடுதல் வராது என்றார். எல்லா மருந்தும் அப்படி இல்லை, போடுவதானாலும் நிறுத்துவதானாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றார். பிள்ளையையும் சோதித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைக்காக நிறுத்தினீர்கள், சரி. இவளுக்கு என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?"

நாத்தனார் குனிந்து என் வீங்கிய காலைத் தொட்டுப் பார்த்தார். எனக்கும் சுருக்கென்றது. நானுந்தான் யோசிக்கவில்லை.

சில நாள் வைத்திருந்து, வீக்கம் வடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் விடிந்தால் போதும், ஒரு கையில் மாத்திரை, மறு கையில் சுடுதண்ணியோடு நாத்தனார் கட்டிலருகே நிற்பார். விழுங்கினேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். ஒரு காலையில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பிள்ளை அழுகிறான், அவன் குடித்து முடிக்கட்டும், அப்புறம் போடுகிறேன் அண்ணி என்றேன்.

"அவன் அழட்டும். நீ மொதல்ல போடு," என்றார். "ஒன்னப் பெத்தவ இருந்திருந்தா அன்னிக்கே என்னை வெளக்கமாத்தால அடிச்சிருப்பா."

பிள்ளை வீரிட்டுக்கொண்டிருந்தான். அவன் பிறந்த பிறகு, வீட்டில் அவனுக்கு முன்னால் என்னை வைத்துப் பேசிய முதல் ஆள் அவர்தான். மாத்திரையை விழுங்கிவிட்டு, அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.