கூட்டாத முற்றம்

எங்கள் கல்லூரி வளாகம் வடிவு என்று சொல்லாதவர்கள் இல்லை. கட்டடம் வடிவு, கொன்றை மரங்கள் வடிவு, மணல் முற்றம் வடிவு. அந்த முற்றத்தைத் தினமும் கூட்டும் ஸ்ரெல்லா அக்காவை மட்டும் யாரும் நினைப்பதில்லை. அலுவலகத்தில் வேலை செய்யும் நானும் நினைத்ததில்லை.

ஸ்ரெல்லா அக்காவின் ஊர் குருநகர். கணவர் பிலிப்பு இறந்து எட்டு வருடம். ஒரே மகன் டினேஸ் பிரான்சில். முதல் பஸ்ஸில் கல்லூரி இருக்கும் திருநெல்வேலிக்கு வந்து, விரிவுரை தொடங்குமுன் ஒரு சருகு இல்லாமல் கூட்டிவிடுவார். இந்த எட்டு வருடத்தில் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. வீட்டில் இருந்தால் கதைக்க ஆளில்லை, அதுதான் உண்மையான காரணம். இங்கேயும் ஆளிருந்தது என்று சொல்ல முடியாது. கூட்டிக்கொண்டிருக்கும் இடத்தாலேயே மாணவர்கள் போனைப் பார்த்தபடி நடந்து போவார்கள்.

வைகாசியில் கொன்றை கொட்டத் தொடங்கினால் அவருக்கு வேலை இரண்டு மடங்கு. அப்படி ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

"நான் ஒருநாள் வராமல் நிண்டு பாக்கப்போறன், பிள்ளை. முற்றம் கூட்டாமல் கிடந்தால் கேப்பினம்தானே, ஸ்ரெல்லா எங்கை எண்டு."

அவர் நினைத்ததில் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் விடிந்தும் ஒரு வீட்டு முற்றம் கூட்டாமல் கிடந்தால், "உவைக்கு என்ன, காய்ச்சலோ வருத்தமோ?" என்று படலையில் நின்று விசாரிக்காமல் அயலவர்கள் போகமாட்டார்கள். நான்தான் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை.

நாங்கள் வந்தபோது வாசலிலிருந்து நூலகம் வரைக்கும் ஒரே மஞ்சள். பிள்ளைகள் பூவுக்கு நடுவில் இருந்து படம் எடுத்தார்கள். விரிவுரையாளர்களும் எடுத்தார்கள். நானும் ஒன்று எடுத்துக் கல்லூரியின் பேஸ்புக் பக்கத்தில் போட்டேன். பின்னேரத்துக்குள் ஆயிரம் பேர் லைக் போட்டிருந்தார்கள். எனக்கென்றால் தலைகால் தெரியாத புளுகம், அவ்வளவு சந்தோசம். ஸ்ரெல்லா அக்கா எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அவர் வந்து விளக்குமாற்றை எடுத்ததும் கல்லூரிப் பணிப்பாளர் யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"ஸ்ரெல்லா, அந்தப் பூவைக் கூட்டாதேங்கோ. கிடக்கட்டும். வடிவாக் கிடக்கு."

அவ்வளவுதான். நேற்று ஏன் வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை. ஸ்ரெல்லா அக்கா மத்தியானம்வரை கொன்றைக்குக் கீழே சும்மா இருந்தார். பிறகு என் மேசையடிக்கு வந்தார்.

"நேற்று முழுக்கப் போனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தனான், பிள்ளை. ஒருத்தரும் எனக்குக் கோல் எடுக்கேல்லை."

நான் எழுந்து கதிரையை அவர் பக்கம் தள்ளினேன். அவர் கதிரையில் இருக்காமல் நின்றபடியே நின்றார். அப்போது அந்தப் போன் அடித்தது. டினேஸ். மாதக்கணக்காக அம்மாவுக்குக் கோல் எடுக்காத பிள்ளை. ஸ்ரெல்லா அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டார்.

"அம்மா, உங்கடை கொலிச் படம் பேஸ்புக்கிலை பாத்தனான். என்ன வடிவு. எங்கடை அம்மாதான் உந்த முற்றத்தைக் கூட்டி வடிவா வைச்சிருக்கிறா எண்டு இஞ்சை வேலையிலை எல்லாருக்கும் காட்டினனான்."

ஸ்ரெல்லா அக்கா என்னைப் பார்த்தார். பிறகு யன்னலால் வெளியே பார்த்தார்.

"ஓம் தம்பி," என்றார். "விடியவே வந்து கூட்டினனான்."