எருமைக்கு ஒரு ஓ.டி.பி.

மல்லசமுத்திரம் தாண்டி எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே வேப்பமரத்தடியில் ஒரு பெண் பிடித்திருக்கும் எருமைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, கால்நடை ஆய்வாளர் செல்போனோடு காத்திருக்கிறார். ஓ.டி.பி. சொன்னால்தான் பதிவு முடியும். அதுவோ நாக்பூருக்கு லாரி ஓட்டிப் போயிருக்கும் அவள் கணவனின் போனுக்குப் போகிறது.

"கூப்பிட்டுக் கேளுங்கம்மா."

"ஸ்டீயரிங்கப் புடிச்சா போன் எடுக்க மாட்டாருங்க. போன தடவையும் இதே கூத்துதானுங்க. புல்லறுக்கறது நானு, பால் கறக்கறது நானு. என் நம்பரப் போடுங்க சார்."

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"எருமை அவரு பேச்சக் கேக்காதுங்க. போடுங்க."

டயர் மாற்றியாகிவிட்டது; பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். இது முடியாமல் நான் ஏறுவதாக இல்லை.

ஆய்வாளர் நம்பரை மாற்றுகிறார். அவள் இடுப்பில் செருகிய போன் சிணுங்குகிறது. கயிற்றை விடாமல் எடுத்து, ஒவ்வொரு எண்ணாக, தெருவுக்கே கேட்கும்படி வாசிக்கிறாள்.