கரையில் நின்ற படகுகள்

ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டப் பழவேற்காடு போயிருந்தேன். அங்கே மீனவர்கள் முறைவைத்துச் சவாரிப் படகு ஓட்டுகிறார்கள். அன்று முறை வந்தவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "காத்து திரும்புது சார், இன்னிக்கி வேணாம்" என்றார். அந்த முறை போனால் அவருக்கு இனி அடுத்த வாரம்தான்.

எரிச்சலோடு பக்கத்துப் படகுக்காரரிடம் போனேன்.

"அவரு வேணாம்னுட்டாரே, நான் எப்டி இட்டுனு போறது?" என்றார். அடுத்தவரும் அதையேதான் சொன்னார்.

மாலைவரை காற்று வரவில்லை. முதலாமவரிடம், "ஏரி சும்மாதானே கிடக்கு? உங்க முறையும் போச்சு" என்றேன் குத்தலாக.

அவர் சிரித்தார். "வரலன்னா நல்லதுதான சார். புள்ளைங்கள வச்சினு பந்தயமா கட்ட முடியும்?"

ஒருவர் மறுத்தால் இன்னொருவரைப் பிடித்துக் காரியம் சாதித்தே பழகியவன் நான். அந்தக் கரையில் அப்படி ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.