ஆடியில் சேராத உதடு

1996 மாசியில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் சபாபதியின் மனைவி புவனேஸ்வரிக்கு மேலுதடு பிளந்த ஆண் குழந்தை பிறந்தது. குழந்தையைக் கையில் வாங்கிய மாமியார் தையல்நாயகி, பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை.

"கிரகணத்தன்னிக்கு பிளேடு எடுத்த இல்ல?"

எடுத்தது உண்மைதான். தீபாவளிக்கு மறுநாள் காலை சூரிய கிரகணம். கர்ப்பிணி எதையும் வெட்டக்கூடாது என்பது வீட்டுக் கட்டளை. முந்தின நாள்களில் தறியின் நீளவாட்டு நூலான பாவில், பழையதோடு புதியதை இழை இழையாகப் பிணைத்தவள் அவள்தான். கிரகணத்தன்று ஓரிடத்தில் முடிச்சின் வால் நீண்டு நின்றது கண்ணில் பட்டது. கை தானாகப் போயிற்று. வெட்டிவிட்டாள்.

அந்த ஒரு வெட்டுக்குத் தெருவே நீதிமன்றமாயிற்று. பார்க்க வந்தவர்கள் குழந்தையின் உதட்டைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பார்த்தார்கள். உறிஞ்சத் தெரியாத பிள்ளைக்குப் பாலாடையில் பால் புகட்டிக்கொண்டே அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிள்ளைக்கு அப்பன் ஒருவனும் உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. தறியில் உட்கார்ந்திருந்த அப்பனுக்கும்தான்.

சின்ன காஞ்சிபுரத்தில் டாக்டர் அம்ருதவல்லியிடம் காட்டப் போனபோது மாமியாரும் கூடவே வந்தாள். மூன்று மாதம் போகட்டும், எடை கூடியதும் சென்னையில் தைத்துவிடலாம் என்றார் டாக்டர்.

"இது கிரகணத்தாலயா டாக்டர்?" என்று கேட்டாள் புவனேஸ்வரி.

டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். முகம் ஒரே துண்டாக வளர்வதில்லை. கருவின் முதுகுப் பக்கம் மடிந்து குழாயாக மூடும்போது, அந்த விளிம்பிலிருந்து உயிரணுக்கள் கிளம்பி முன்பக்கம் ஊர்ந்து வருகின்றன. எந்த இடத்தில் நிற்பது, எவ்வளவு பெருகுவது என்பதை அக்கம்பக்கத்து அணுக்கள் தாங்கள் சுரக்கும் பொருள்களால் தெரிவிக்கின்றன. நடுவிலிருந்து ஒரு மேடும் பக்கத்திலிருந்து ஒரு மேடும் வளர்ந்து தொட்டுக்கொள்கின்றன. தொட்ட இடத்தில் இடைத்தோல் மறைந்து இரண்டும் ஒன்றாகின்றன. வந்து சேர்ந்த அணுக்கள் போதாவிட்டால், செய்தி தப்பிப்போனால், இடைவெளி அப்படியே நின்றுவிடும்.

"இதெல்லாம் எப்ப நடக்குது?"

"ரெண்டாம் மாசம் முடியறப்ப. உங்க கணக்குக்கு ஆடி மாசம்."

"தீபாவளிக்கு எனக்கு அஞ்சாம் மாசம்."

"அப்படின்னா உதடு அதுக்கு முன்னாடியே பிளந்தாச்சும்மா."

தையல்நாயகி குறுக்கிட்டாள். "சரி, ஏன் பிளந்துச்சு? அதைச் சொல்லுங்க."

"எப்பன்னு சொல்ல முடியும். இந்தக் குழந்தைக்கு ஏன்னு என்னால சொல்ல முடியாது."

"பாத்தியாடி, டாக்டரம்மாவுக்கே தெரியலையாம்!"

தெரியாது என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால், அந்த இடத்தில் பழியைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிடலாமா? தையல்நாயகி உட்காரவைத்தாள். சென்னைக்குப் போகும் முன் தெரு அம்மன் கோயிலில், உறவுக்காரர்கள் முன்னால், 'பிளேடு எடுத்தது என் குத்தம், அதான் பிளந்துச்சு' என்று மருமகள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஆபரேஷனுக்குச் சபாபதி கூட வருவான்.

"சொல்லிட்டுத்தான் வாயேன் புவனா. வாயா வலிக்கப் போவுது?" என்றான் சபாபதி.

"உங்க வாயும் வலிக்காது. உங்களாலதான்னு நீங்க சொல்லுங்களேன்."

அவன் தறிக்குத் திரும்பிப் போனான்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள். தாயின் கையெழுத்தே போதும் என்றார்கள் சென்னை ஆஸ்பத்திரியில். போட்டாள். உதட்டைத் தைத்தார்கள்.

ஊர் திரும்பிய அன்று, எதிர்வீட்டுக் குப்புசாமி வாசலிலிருந்து கூப்பிட்டார். "உங்க மாமியார் அம்மனுக்குப் பொங்கல் வெச்சு வீடு வீடா குடுத்தாங்கம்மா. நீ தப்பை ஒத்துக்கினியாம், அம்மன் உதட்டை மூடிட்டாளாம்."

அவள் இல்லாதபோது அவள் பெயரைச் சொல்லி மாமியாரே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தாள்! அறுத்துத் தைத்த வலி பிள்ளைக்கு, ஆஸ்பத்திரித் தரையில் படுத்தது புவனேஸ்வரி, பெருமை பொங்கலுக்கு.

புவனேஸ்வரி தோள்பையைக்கூட இறக்கவில்லை.

"பிளேடு எடுத்தேங்க. அதனால பிளக்கல. நான் யார்கிட்டயும் எதையும் ஒத்துக்கல."

"விடும்மா. புள்ளைக்கு நல்லாயிடுச்சில்ல? இன்னாத்துக்கு இப்ப?"

"புள்ளைக்கு நல்லாயிடுச்சு. என் மேல போட்டது அப்படியே இருக்குது."

பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பொங்கல் வாங்கியிருந்த அடுத்த வீட்டின் கதவைத் தட்டினாள்.